ஏழாங்கட்டைக்கு ஒரு துணைக்கால்

9 ஜூன் 2025, திங்கள்

காலரை இன்று மூன்றாவது தடவையாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு மில்லிமீட்டர் கோணலாம். எந்த ஊர்க்காரன் கழுத்தில் ஏறப்போகிறதோ, அவன் அளவுகோல் வைத்தா பார்க்கப் போகிறான்? ஆனால் இந்த பத்து பாகாட் ஊர் ஃபேக்டரியில் மாதிரித் தையல்காரி என்று எனக்குச் சம்பளம் கொடுப்பதே அந்த இரண்டு மில்லிமீட்டருக்குத்தான். பிரித்துத் தைத்தேன்.

வேலை முடிந்து நேராக ஹேமநாதன் வீட்டுக்கு. எனக்கு ஹேமா, ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட்டாளி, பேனர் கடையில் பிரிண்டிங் வேலை. போன வருஷம் இருவரும் சேர்ந்து ஆரம்பித்த டீ-ஷர்ட் பிராண்டுக்கு, வளர்ந்த இடத்தின் பெயரையே வைத்தோம்: ‘ஏழாங்கட்டை’, ஏழாம் மைல். இதுவரை தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் விற்றிருக்கிறோம். இப்போது ஜேபி, அதாவது ஜொகூர் பாருவில் ஜூலை 19-ல் நடக்கும் ஸ்ட்ரீட்வேர் சந்தையில் இடம் கிடைத்திருக்கிறது! நூற்றைம்பது சட்டை. தோள் இறங்கிய தொளதொள வெட்டு, முதுகு முழுக்கத் தமிழ் எழுத்து. கறுப்பில் வெள்ளை.

பயமாகவும் இருக்கிறது. நல்ல பயம்.

24 ஜூன், செவ்வாய்

வெட்டி முடித்தாயிற்று. நாளை பிரிண்ட்.

28 ஜூன், சனி

எப்படி எழுதுவது? அப்படியே எழுதுகிறேன்.

அம்மா சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். திடீரென்று, “ஏழங்கட்டைன்னா என்னடி?” என்றார். கண்ணாடி போடாமல் படிக்கிறார் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தேன். ஏ. ழ. ங்... ‘ழ’வுக்குப் பக்கத்தில் துணைக்கால் இல்லை.

நூற்றைம்பதிலும் இல்லை.

ஹேமாவுக்குப் போன் போட்டேன். “நீதானே டைப் பண்ணே!” என்றேன். “நீதானே பார்த்து ஓகே சொன்னே!” என்றான். ரெண்டு பேரும் கத்தினோம். ரெண்டும் உண்மை. ஆறு வருஷம் தமிழ் ஸ்கூல்ல ஒரே பெஞ்சுல உக்காந்து என்னத்த படிச்சோம்? அலமாக்!

29 ஜூன், ஞாயிறு

ஹேமா வந்தான். “அப்படியே வித்துடுவோம். ஜேபி-ல யாரு லா படிக்கப் போறா?” என்றான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “யாரும் படிக்க மாட்டாங்கன்னா அப்புறம் எதுக்குத் தமிழ்ல போட்டோம்? பூ படம் போட்டிருக்கலாமே?”

ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நானும் கூப்பிடவில்லை. திரும்ப அடிக்கத் துணியும் இல்லை, நாளும் இல்லை.

1 ஜூலை, செவ்வாய்

ஃபேக்டரியில் தப்பான இடத்தைக் காட்டச் சிவப்பு நூலால் ஒரு தையல் போடுவோம். இன்று ஒரு கைப்பட்டியில் அதைப் போட்டுக்கொண்டிருந்தபோது கை அப்படியே நின்றுவிட்டது.

வீட்டுக்கு ஓடி வந்து, தடித்த சிவப்பு நூல் எடுத்து, ‘ழ’வுக்கும் ‘ங்’குக்கும் நடுவில் ஒரு ‘ா’வைக் கையால் தைத்தேன். இடம் போதவில்லை. அதனால் கொஞ்சம் மேலே ஏற்றி, கீழே ஒரு கூரை மாதிரிக் குறி. பரீட்சைத் தாளில் டீச்சர் திருத்துவது போலவே!

அம்மா பார்த்துவிட்டு முதலில் முறைத்தார். அப்புறம் சிரிப்பு. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் ஊசி கேட்டார்.

படம் எடுத்து ஹேமாவுக்கு அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் வாசலில் நின்றான், ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல். “எனக்கும் ஊசி குடு.”

13 ஜூலை, ஞாயிறு

நூற்றைம்பதும் முடிந்தது! அம்மாவின் துணைக்கால், ஃபேக்டரி லைனில் இருபத்திரண்டு வருஷம் பாக்கெட் தைத்த கையின் துணைக்கால், ரூலர் வைத்த மாதிரி நிற்கிறது. என்னுடையது இடது பக்கம் சாய்கிறது. ஹேமாவுடையது வளைந்து சுருண்டு, இறால். அவனிடம் சொன்னேன், கோபித்துக்கொண்டான். ஆனால் இறால்தான்.

19 ஜூலை, சனி

ஜேபி. மண்டபம் முழுக்க ஸ்பீக்கர் அதிர்கிறது. காலணிப் பெட்டியைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பையன்கள் வரிசையில் நிற்கிறார்கள். பெரிய பிராண்டுகள் எல்லாம் வாசலில். நாங்கள் கழிப்பறைக்கு எதிரில். அம்மா, “நல்ல இடம்தான், எல்லாரும் ஒரு தடவையாவது வந்துதானே ஆகணும்” என்றார்.

பன்னிரண்டு மணி வரை ஒரு சட்டைகூடப் போகவில்லை.

பிறகு ஒரு சீனப் பெண். சிவப்பைத் தொட்டு, இது என்ன டிசைன் என்று கேட்டாள். ஏதாவது பெரிதாகச் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. “ஸ்பெல்லிங் தப்பு. கையால திருத்தினோம்” என்று சொல்லிவிட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடை திரும்பியது. ஒவ்வொன்றாகப் புரட்டி, இரண்டு சட்டை எடுத்தாள். இரண்டும் இறால்! ஹேமாவின் முகத்தைப் பார்க்கவேண்டுமே.

அவள் அங்கேயே நின்று வீடியோ எடுத்துப் போட்டாள். அதற்கப்புறம் கூட்டம். ஆளாளுக்குத் தங்கள் துணைக்காலைத் தேடுகிறார்கள். “சாய்ஞ்சது இருக்கா?” “நேரானது ஒண்ணு.” குடும்பத்தோடு வந்த ஒருவர் முதுகெழுத்தைச் சத்தமாகப் படித்துத் தன் மகளுக்குக் காட்டினார். “பாரு, தப்பு பண்ணா இப்படித்தான் திருத்தணும்.” மகளுக்கு ஒரே வெட்கம். ஆனாலும் வாங்கிக்கொண்டாள்.

நான்கு மணிக்கு மேசை காலி. அம்மா சுருட்டிய மேசைத்துணியை அக்குளில் வைத்துக்கொண்டு, “அவ்வளவுதானா?” என்றார், ஏமாற்றமாக.

20 ஜூலை, ஞாயிறு

விரலெல்லாம் ஊசிப் புண். சிரிப்பு நிற்கவில்லை.

7 ஆகஸ்ட், வியாழன்

அந்த வீடியோவைப் பார்த்துக் கோலாலம்பூரிலிருந்து அழைப்பு. பெரிய ஃபேஷன் கம்பெனி. பேசியவர் பெயர் ஷாமளா, அங்கே டிசைன் பிரிவுத் தலைவர். அழகான, நிதானமான தமிழ். “முந்தி நாங்க மேடையில போட்டதைத்தான் ரோட்டுல போடுவாங்க. இப்போ ரோட்டுல போடுறதைத்தான் நாங்க தேடி வர்றோம்” என்றார். எங்கள் சட்டையை அடுத்த வருஷ ஃபேஷன் ஷோவில் காட்டவேண்டுமாம்.

ஹேமா நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டான்.

சில மாற்றங்கள் மட்டும். துணைக்காலை மெஷினில் போடுவது. தமிழ் எழுத்தைச் சிறியதாக்கி, படிக்க வராத அளவுக்கு, ஒரு கோலம் போல. கழுத்து லேபிளில் அவர்கள் பெயர்.

யோசித்துச் சொல்கிறோம் என்றேன். ஏழு வருஷமாக அடுத்தவன் பெயரைத்தான் கழுத்தில் வைத்துத் தைக்கிறேன். இதிலுமா?

10 ஆகஸ்ட், ஞாயிறு

மாமாக் டீக்கடையில் இரண்டு மணி நேரம். தே தாரிக் ஆறிப்போனது. ஹேமா, “இந்த மாதிரி சான்ஸ் திரும்ப வராது, வீணா” என்றான். வராதுதான். அவனுக்கு அந்த பேனர் கடையை விட்டு வெளியே வரவேண்டும், எனக்குத் தெரியாதா? வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “நீ சொல்றதைச் செய்வோம்” என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

அவன் ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளாஸை வைத்தான்.

“பேரு அவங்களுது. தையல் மெஷினோடது. எழுத்தும் படிக்க வராது. அப்போ அதுல நம்மளுதுன்னு என்ன லா இருக்கு? தப்பு மட்டும்தான்.”

இருவரும் சிரித்த சிரிப்பில் ரொட்டி சானாய் போடுபவர் எட்டிப் பார்த்தார். அங்கேயே பதில் எழுதினோம். எங்கள் பெயர், பெரிய எழுத்து, கைத்தையல். மூன்றும் இருந்தால் வருகிறோம்.

13 ஆகஸ்ட், புதன்

ஷாமளா பதில் போட்டிருக்கிறார். கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லையாம், வருந்துகிறாராம். கீழே இன்னொரு வரி: ‘எனக்குச் சொந்தமாக ஒரு எல் சைஸ் வேண்டும். உங்கள் அம்மா தைத்தது.’

கொஞ்சம் அழுதேன். அதிகம் இல்லை. ஹேமா அழவில்லை என்றான், மூக்கு சிவந்திருந்தது.

31 ஆகஸ்ட், ஞாயிறு

அந்தச் சீனப் பெண்ணின் வீடியோ எங்கெங்கோ போயிருக்கிறது. சிங்கப்பூரில் அக்டோபரில் நடக்கும் சந்தைக்கு அழைத்து மின்னஞ்சல்! மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை எழுத்துப்பிழை இருக்கிறதா என்று.

புதிய சட்டைக்கு எழுத்தைச் சரியாக அடிக்கவேண்டும் என்றேன். “சரியா இருந்தா யாரு வாங்குவா? ஒரு தப்பு போடுவோம்” என்றான் ஹேமா. வேண்டாம். வேண்டுமென்றே செய்கிற தப்பு பொய். சண்டை போட்டு, பழம் தின்று, மறுபடி சண்டை போட்டு, கடைசியில் ஒரு வழி கிடைத்தது. எல்லாம் சரியாக, ஆனால் கடைசி எழுத்தை அடிக்காமல் விடுவது. வாங்குபவர் நூலின் நிறத்தைச் சொன்னால் அவர் கண் முன்னாலேயே தைத்துக் கொடுப்பது.

அம்மா மொட்டை மாடித் துணி எடுக்கப் போனவர் திரும்பி வந்து, “அப்போ எனக்கு அங்க நாற்காலி வேணும், முதுகு சாய்ற மாதிரி” என்றார்.

12 செப்டம்பர், வெள்ளி

பாஸ்போர்ட் எடுக்கப் போனேன். பக்கத்திலேயே சிங்கப்பூர், பழையது காலாவதியாகி நாலு வருஷம். கவுண்டரில் ஒரு மலாய் அண்ணன், அவர்கள் மொழியில் ‘பாங்’, திரையைப் பார்த்தபடி, “கெர்ஜா ஆப்பா?” என்றார். என்ன வேலை?

‘ஃபேக்டரி’ என்று வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டேன். போன வெள்ளியோடு அங்கே கணக்கை முடித்துவிட்டு வந்தாயிற்றே.

“சட்டை. சொந்த பிராண்ட்” என்று மலாயில் சொன்னேன்.

அவர் அதைக் கீபோர்டில் தட்டினார். கட்டைவிரலை வைக்கச் சொன்னார். வைத்தேன். ஊசிப் புண் காய்ந்த விரலை இயந்திரம் ஏற்கவில்லை, துடைத்துத் துடைத்து மூன்றாவது தடவை ஏற்றது.

எழுந்திருக்கும்போது அவர் இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“டபுள் எக்ஸ்எல் இருக்கா?”

“இருக்கு பாங்” என்றேன்.