அண்ணன் காரின் பிளாஸ்டிக் உறை

ஜூலை 9, ஞாயிறு

மழை. கடைக்கு வந்தது இரண்டே கார்கள். ஒன்றில் சோயா பால் கொட்டி மூன்று நாளாகிறது. உரிமையாளர் ஈரத்தாளால் "நல்லாவே துடைச்சுட்டாராம்". இந்த ஊரில் குழந்தையின் பின்புறத்துக்கும் சாப்பாட்டு மேசைக்கும் தோல் இருக்கைக்கும் ஒரே மருந்து அதுதான். துடைத்த இடமெல்லாம் மேல்பூச்சு போய் வெளுத்துக் கிடக்கிறது.

மதியம் மான்சிக் அண்ணன் வந்தார். காரைவிட்டு இறங்கவில்லை. தங்கை கடைக்குள் கால் வைத்தால் காப்பீட்டு நிறுவன இயக்குநரின் கௌரவம் நனைந்துவிடும். கார் வாங்கி இரண்டு வருடம், தொழிற்சாலையில் போட்ட பிளாஸ்டிக் உறை இன்னும் இருக்கையைவிட்டுப் போகவில்லை. அசைந்தால் அப்பளம் நொறுங்கும் சத்தம்.

"பிரிச்சுடுங்கண்ணே. மழைக்காலம், உள்ள வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும்."

"புதுசு மாதிரியே இருக்கட்டும். சோல்மி கல்யாணத்தன்னிக்குத்தான் பிரிப்பேன். பொண்ணு உக்காந்து போக வேணாமா?"

பதினெட்டு வருடமாகத் தோல் இருக்கை சுத்தம் செய்கிறேன். எனக்கென்ன தெரியும்?

ஜூலை 23, ஞாயிறு

சோல்மி வந்தாள். அக்டோபர் 14 கல்யாணம். இவளுடைய ஏழு வயதில் அண்ணி இறந்துபோனார். அன்றிலிருந்து தலை வாரிவிட்டது நான்.

"அத்தை, மெழுகுவத்தி நீங்கதான் ஏத்தணும். அம்மா நாற்காலியில நீங்கதான் உக்காரணும்."

மணமக்கள் வருவதற்கு முன், இரண்டு அம்மாக்களும் மேடையேறி ஆளுக்கொரு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். என்னைக் கேட்கிறாள்! "பார்க்கலாம்டி" என்று அலட்டிக்கொள்ளாமல் சொல்லி அனுப்பினேன். பிறகு ஒரு வாடிக்கையாளரின் பின் இருக்கையில் உட்கார்ந்து அழுதேன். அப்புறம் அதையும் துடைத்தேன். கண்ணீர் உப்பு தோலுக்கு ஆகாது.

ஆகஸ்ட் 6

அண்ணன் போன்.

"நீ ஏத்தக்கூடாதுன்னு சொல்லல. ஆனா சம்பந்தியம்மா பியானோ சொல்லிக்குடுக்கிறவங்க. அவங்க பக்கத்துல, முந்நூறு பேருக்கு முன்னாடி, அந்த நகத்தோட..."

"என் நகத்துக்கு என்ன?"

"நகமெல்லாம் சீட்டுச் சாயம்டி, சாயம். என் நண்பர் சம்சாரத்தைக் கேட்டுப் பார்க்கலாமான்னு ஒரு யோசனை."

அந்த அம்மாளுக்கு அழகான விரல்களாம். இருக்கட்டும். அந்த விரல் எந்தக் குழந்தைக்குப் பேன் பார்த்தது? சம்பந்தியிடம் அண்ணன் என்னைப் பற்றி "கார் வியாபாரத்துல இருக்கா" என்று சொல்லி வைத்திருக்கிறாராம். ஆமாம், நான்தான் கப்பலில் இறக்குமதி செய்கிறேன்.

ஆகஸ்ட் 7

மூன்று முறை கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். அப்படியேதான் இருக்கிறது.

செப்டம்பர் 30

நேற்று சூசோக், முன்னோரைக் கும்பிடும் அறுவடைத் திருநாள். அண்ணன் காரில் கல்லறைக்குப் போனோம். கதவைத் திறந்ததும் ஈரக் காலுறையை கிம்ச்சி ஜாடியில் ஊறப் போட்ட வாடை. கண்ணாடியில் மூன்று வாசனை அட்டைகள் தொங்கின.

"புதுக்கார் வாசனை அப்படித்தான் இருக்கும்" என்றார். நான் ஜன்னலைத் திறந்துகொண்டேன்.

அக்டோபர் 4

அண்ணன் ஒருவழியாக உறையில் ஓர் ஓரத்தைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். பழுப்பு இருக்கையில் பச்சைப் பச்சையாய்த் திட்டுகள். முதலில் சியோலில் ஒரு பெரிய கடைக்குப் போயிருக்கிறார். தோலையே மாற்றணும், ஒரு மாசமாகும் என்று சொல்லிவிட்டார்களாம். அதற்குப் பிறகுதான் தங்கை ஞாபகம். இந்த முறை காரைவிட்டு இறங்கினார்.

"வெள்ளை கவுனோட பொண்ணை எப்படி இதுல உக்கார வைக்கிறது? ஏதாவது பண்ணு."

"பண்றேன். ஆனா கூட நின்னு வேலை பார்க்கணும். பின் சீட்டு உங்களோடது."

மெழுகுவர்த்தியைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் பேசவில்லை. கேட்டிருக்கணுமா? இல்ல... கேட்டு வாங்குற நாற்காலியில எப்படி உக்கார்றது?

அக்டோபர் 11

ஒரு வாரமாகத் துடைத்து, காற்றாடி வைத்து நிழலில் உலர்த்தி, இன்று சாயம். அண்ணன் வாரம் முழுக்க விடுப்புப் போட்டு வந்தார். காற்று வரும் இருக்கை, ஊசித்துளை ஆயிரக்கணக்கில். பூஞ்சை மருந்தை நேராகத் தெளித்தால் துளைக்குள் இறங்கிவிடும். துணியில் நனைத்து, குதிரைமுடித் தூரிகையால் தேய்த்து, உடனே ஒற்றி எடுக்கணும். ஒரு சாண் இடத்துக்கே அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

சாயத்துக்கு ரப்பர் கையுறை கொடுத்தேன். நாத்தமாம். பூஞ்சைக் காரில் இரண்டு வருடம் போனவருக்கு ரப்பர் நாற்றம் ஆகவில்லை. காய்ந்ததா என்று வேறு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தடவிப் பார்த்தார். பத்து விரலும் பழுப்பு.

"இது எப்ப போகும்?"

"ரெண்டு வாரம்."

"கல்யாணம் மூணு நாள்ல!"

"தெரியும்."

வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். என் விரல்களையும் தன் விரல்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதையா பதினெட்டு வருஷமா பண்றே?"

"இல்லண்ணே, பியானோ வாசிச்சிட்டிருந்தேன்."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

அக்டோபர் 13

அண்ணன் வீட்டிலிருந்து இளஞ்சிவப்பு ஹன்போக், விசேஷத்துக்கு உடுத்தும் பட்டுடை, வந்தது. பெண்ணின் அம்மா உடுத்தும் நிறம். குதித்தேன். அடியில் ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை. ஆக, நான் வரலாம். என் கை மட்டும் வீட்டில் இருக்கணும். அதுக்கு எதுக்கு ஹன்போக்? ஒரு துணியால மூடி மூலையில வச்சிடுங்களேன்.

போட்டுக்கொள்வேன். சோல்மிக்காக.

அக்டோபர் 14, சனி

இருக்கைகள் நன்றாக வந்திருந்தன. கவுனில் ஒரு பொட்டு ஒட்டவில்லை. நானே நாலு முறை பார்த்தேன்.

மண்டப வாசலில் அண்ணன், பெண்ணின் அப்பாக்கள் போடும் வெள்ளைக் கையுறையோடு. பக்கத்தில் நான், என் கையுறையோடு. எங்களைக் கூப்பிட ஒரு நிமிடம்தான் இருந்தது. அவர் என் கையைப் பார்த்தார்.

"கழட்டு."

"என்னண்ணே?"

"கழட்டு யோங்நான்."

சொல்லிவிட்டுத் தன்னுடையதையும் கழற்றிக் கோட்டுப் பைக்குள் திணித்தார்.

பியானோ அம்மாள் என் கையைப் பிடித்துக்கொள்ள, மேடையேறினேன். தீக்குச்சியை உரசினேன். ஏற்றிவிட்டேன். திரும்பி வந்து அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தேன். அண்ணன் பழுப்புக் கையால் சோல்மியைப் பிடித்து நடந்து வந்தார். எனக்குக் கண் தெரியவில்லை, அப்படி அழுகை.

சாப்பாட்டு மேசையில் மாப்பிள்ளையின் அப்பா கேட்டேவிட்டார். "என்ன சம்பந்தி, உங்க ரெண்டு பேர் கையும் ஒரே நிறமா இருக்கு?"

"என் தங்கச்சி கார் சீட்டு சுத்தம் பண்ற கடை வச்சிருக்கா" என்றார் அண்ணன், அடுத்த மேசைக்கும் கேட்கிற மாதிரி. "நான் அங்கே ஒரு வாரம் வேலை பார்த்தேன்."