ஆள்காட்டி முட்டையிட்ட மூலையும் நாலு அடுக்குத் தாரும்

திண்டிவனம்
ஆவணி 22

அன்பு மகள் ஸ்ரீநிதிக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா அனந்தவல்லி, அவளுடைய முழங்கால் வலி, மூவரும் சௌக்கியம். நீயும் நார்வேயில் சௌக்கியமாகத்தான் இருப்பாய், மொட்டைமாடி ஒழுகலைப் பற்றிப் பெற்றவனுக்கு நாற்பத்திரண்டு பக்கத்தில் புத்தி சொல்லி அனுப்பத் தெம்பு இருக்கிற பிள்ளைக்கு உடம்பில் என்ன குறை வந்துவிடப் போகிறது. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பாய். போனில் நீ பேசுவாய், நான் கேட்க வேண்டும். இதில் நான் பேசுகிறேன், நடுவில் அப்பா அப்பா என்று நீ குறுக்கே வர முடியாது. அதோடு நீ கூப்பிடுவது சரியாக நாங்கள் பொழுது சாய்வதற்குள் சாப்பிட உட்காரும் நேரம். நம் சமண வீட்டில் விளக்கு வைத்தபிறகு வாயில் சோறு போடுவதில்லை என்பது உனக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது, வைகாசியில் ஒருநாள் நீ ஒற்றை ஷீட்டின் பெருமையைச் சொல்லி முடிப்பதற்குள் சூரியன் இறங்கிவிட்டது, நான் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தேன். புண்ணியம் உனக்கே சேரட்டும்.

விஷயம் தெரிந்ததுதான், ஆனால் உன் பக்கத்தை மட்டும் நீ தெரிந்து வைத்திருப்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன். போன வருஷ மழையில் நம் செஞ்சி ரோட்டுக் கட்டடத்தின் மொட்டைமாடி ஒழுகி, கீழே ராஜ்குமாரின் நைட்டிக் கம்பெனியில் தைத்து மடித்து வைத்திருந்த துணியெல்லாம் நனைந்து சாயம் இறங்கியது. அடுத்த மழைக்கும் இதே கதை என்றால் மிஷின்களை ஏற்றிக்கொண்டு விழுப்புரத்துக்கே போய்விடுவேன் என்று அவர் அன்றைக்கே சொல்லிவிட்டார். அவருக்கென்ன, ஒரு லாரி பிடித்தால் ஆயிற்று. அங்கே தைக்கிற பெண்கள் நாற்பது பேர், பெருமுக்கலிலிருந்தும் திருவக்கரைப் பக்கத்திலிருந்தும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு பஸ் பிடித்து வருகிறவர்கள். விழுப்புரம் போய்த் திரும்புவதற்குள் அவர்கள் வீட்டு அடுப்பு அணைந்துவிடும், பாதிப்பேர் வேலையை விட வேண்டியதுதான். அதனால்தான் இந்தத் தடவை ஒட்டுப்போடுகிற வேலை வேண்டாம், தளம் முழுவதையும் செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன். வெள்ளைப் பூச்சு அடிக்கிறேன் என்று சென்னையிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்தார், பத்து வருஷத்துக்குப் பார்க்கவே வேண்டாம் என்றார், நானும் அவரை அதற்குப் பிறகு பார்க்கவில்லை. நீ ரப்பர் மாதிரி ஒற்றை ஷீட்டை விரித்து இணைப்பை ஒட்டினால் போதும் என்றாய். வருஷத்தில் பாதி நாள் மழை பெய்யும் ஊரில் கூரைக்கு இன்ஜினியராக இருக்கிறவள் சொல்கிறாள், கேட்க வேண்டியதுதான். கேட்டேன். செய்யவில்லை.

ஏன் செய்யவில்லை என்று கோபித்துக்கொள்ளாமல் படி. உன் ஷீட்டில் எங்கேயோ ஓரிடத்தில் இணைப்பு சரியாக ஒட்டவில்லை என்றால் தண்ணீருக்கு அதுவே வாசல். காய்ச்சிய தாரை ஊற்றி, அதன்மேல் தார் ஷீட்டை விரித்து, மறுபடி தார், மறுபடி ஷீட் என்று நாலு அடுக்கு போடும்போது ஒன்றின் இணைப்புமேல் இன்னொன்றின் இணைப்பு வராமல் தள்ளித் தள்ளிப் போடுவார்கள், மேலே உள்ளது கிழிந்தாலும் தண்ணீர் வழி தேடித் தேடி அலுத்துப்போகும். மேலே வெள்ளை ஜல்லியைப் பரப்பினால் வெயில் தாரைத் தின்னாது. கனம் தாங்குமா என்று கேட்டாயே, அது ஒன்றுதான் நீ கேட்ட உருப்படியான கேள்வி, இன்னொரு மாடி எழுப்புவதற்கென்று கம்பி கட்டி ஊற்றிய தளம் அது, இரண்டு விரல்கடை ஜல்லியையா தாங்காது. தண்ணீர் ஓடும் வாட்டத்தை முதலில் சரி செய்யுங்கள், தண்ணீர் நின்றால் எத்தனை அடுக்கும் வீண் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தாய். எட்டாவது படித்தவனுக்கும் அது தெரியும். இருபது குடம் தண்ணீரை ஊற்றி, தேங்கிய இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டு, அங்கேயெல்லாம் கலவை போட்டு வாட்டத்தைக் குழாய்ப் பக்கம் திருப்பிய பிறகுதான் தார் டிரம்மே மேலே ஏறியது.

வேலையை எடுத்தவர் விழுப்புரம் சக்கரபாணி. கை சுத்தமான ஆள், வாய் அப்படியில்லை, நயினாரே என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டே வைவார். ஆனி அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிறேன் என்று ஆட்களோடு போனவர் மூன்றாம் நாள்தான் வந்தார், அங்காளம்மன் பிடித்து வைத்துக்கொண்டாளா என்றேன், இல்ல நயினாரே, உங்க மூஞ்சிய மூணு நாள் பாக்காம இருந்தா நல்லதுன்னு குறி சொன்னாங்க என்றார். அந்த மூன்று நாளில்தான் வினை வந்தது. மேலே பரப்புவதற்கான ஜல்லியை முன்கூட்டியே ஏற்றி வடகிழக்கு மூலையில் கொட்டி வைத்திருந்தோம், கடைசியில் ஏற்றினால் போதும் என்று அவர் சொன்னதைக் கேட்காமல் ஏற்றச் சொன்னது நான்தான், எழுதிக்கொள். ஆள் நடமாட்டம் இல்லாத மூன்று நாளில் ஆள்காட்டிக் குருவி ஒன்று அந்த ஜல்லியில் நாலு முட்டை வைத்துவிட்டது. ஜல்லியும் முட்டையும் ஒரே நிறம், மிதிக்காமல் தப்பியதே பெரிது. கிட்டே போனால் தலைக்குமேல் வந்து கத்திக்கொண்டு கொத்தப் பார்க்கிறது. கொதிக்கிற தாரை அதன் பக்கத்தில் கொண்டுபோகக்கூடாது, இருபதடி விட்டுவிட்டு மீதியைப் போடு என்றேன். சக்கரபாணி என்னை ஏற இறங்கப் பார்த்து, முட்டைய ஒரு தட்டுல எடுத்து ஓரமா வெச்சிட்டு ஜல்தியா முடிச்சிக்கினு போறேன் நயினாரே என்றார். எடுத்து வைத்த முட்டையில் அது மறுபடி உட்காரும் என்று எழுதிக் கொடு என்றேன். எழுதவில்லை. நீயும் போனில் அதையேதான் சொன்னாய், கூட்டை மெதுவாக நகர்த்துங்கள் அப்பா என்று. நார்வேயில் போய் மறந்துவிட்டாயா, உனக்கு ஏழு வயதில் எறும்புப் புற்றுக்குப் பக்கத்தில் கோலம் போடக்கூட உன் அம்மா விடமாட்டாள்.

அதை நான் சாமான்யமாகச் செய்தேன் என்று நினைக்காதே. முட்டை பொரிய இருபத்தெட்டு நாள் ஆகும் என்றார்கள். ஆடி பிறந்தால் எப்போது வேண்டுமானாலும் மழை. கம்பெனி சூப்பர்வைசர் தையல்நாயகி மாடி ஏறி வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள், ஏங்க ஐயா, நாலு முட்டைக்குப் பாவம் பாக்குறீங்க, நாப்பது பொம்பளைங்க வயித்துக்கு யாரு பாவம் பாக்குறது, உங்க பொண்ணு வெளிநாட்ல இருந்து ஆளுக்கொரு குடை அனுப்புமா என்று. அவள் கேட்டது தப்பில்லை. என் முடிவையும் நான் மாற்றவில்லை. அந்த ஓரம் வரை போட்ட நாலு அடுக்கையும் படிப்படியாக நிறுத்தி, விளிம்பைத் தாரால் மூடி, திறந்த மூலைக்குக் கீழே இருந்த இரண்டு மிஷின்களை நகர்த்தச் சொன்னேன். என் மேல் பேஜாராக இருந்தாலும் அவளேதான் நகர்த்தினாள்.

ஆடி ஆறாம் தேதி மத்தியானம் மழை வந்தது. ஒன்றரை மணி நேரம். நாலு அடுக்கு போட்ட இடத்தில் பொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை, திறந்திருந்த மூலையில் மட்டும் சொட்டியது. கெட்ட நேரத்துக்கு அன்றைக்கே ராஜ்குமார் வந்திருந்தார். காய்ந்து கிடக்கிற நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை அவர் அண்ணாந்து பார்க்கவில்லை, வாளியைப் பார்த்தார். ஐயா, இது நீங்களே பாத்து நீங்களே முடிவு பண்ணி நீங்களே போட்டது, இனிமே ஒரு இன்ஜினியர் மேல ஏறிப் பாத்து எழுதிக் குடுத்தாதான் இருப்பேன், ஐப்பசி பொறக்கறதுக்குள்ள அந்தப் பேப்பர் வரணும் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். பத்து நாளில் முட்டை பொரிந்தது. குஞ்சுகள் மறுநாளே நடந்தன, சுவரோரத்து ஓட்டை வழியாக ஒவ்வொன்றாகக் கீழே குதித்தன. கீழே வெட்டுத் துணியை ஆள் உயரத்துக்குக் குவித்து வைத்திருந்தார்கள் தையல்நாயகியும் மற்ற பெண்களும். கேட்டதற்கு, உங்களுக்காக ஒண்ணும் இல்ல, குப்பைய எங்கயாவது கொட்டணும் இல்ல என்றாள். நாலும் பிழைத்தன. அன்றைக்கே மூலையை முடிக்கச் சொன்னேன். எல்லாம் முடிந்தபிறகு நடுத்தளத்தில் ஓரடிச் சதுரம் அறுத்து எடுக்கச் சொல்லி அடுக்குகளை எண்ணினேன், நாலு. பெத்த அன்னிக்கே புள்ள வயித்த அறுத்து குடல எண்ற ஆளு நீங்க ஒருத்தர்தான் என்று சக்கரபாணி வைதுகொண்டே அதை மூடினார்.

இப்போது பேப்பருக்கு வருகிறேன். சீனுவாசன் என்று ஒரு இன்ஜினியரை வரவழைத்தேன். மூட்டுவலி என்று ஏணியைத் தொடவில்லை, கீழேயே நாற்காலி போடச் சொல்லி, டீ குடித்துக்கொண்டே தளம் மிக உறுதியாக உள்ளது என்று எழுதி முத்திரையும் குத்திவிட்டார். என்ன ஞானதிருஷ்டி. அதை வாங்கி ராஜ்குமார் எதிரிலேயே கிழித்துப் போட்டேன். உன் அம்மா, நல்ல பேப்பரைக் கிழித்து நாற்பது பேர் வேலையைக் கிழித்துவிட்டேன் என்கிறாள். தையல்நாயகி கிழிந்த துண்டுகளைக் கூட்டி வெட்டுத் துணியோடு கொட்டிவிட்டு மிஷினுக்குப் போனாள், அதுதான் அதிகமாகக் குத்துகிறது. பார்க்காமல் போட்ட கையெழுத்தின் கீழே அவர்களை உட்கார வைத்துவிட்டு நான் எப்படிச் சாப்பிடுவேன். வேறொரு இன்ஜினியரைக் கூப்பிடலாம்தான். அவரும் நாற்காலி கேட்டால்?

ஆகையால் நேராகவே எழுதுகிறேன், சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. நீ வர வேண்டும். நீ இந்த வீட்டுப் படி ஏறி நாலு வருஷம் ஆகிறது, அதற்காகக் கூப்பிடவில்லை, அதற்காகக் கூப்பிட்டிருந்தால் நீ வேலை இருக்கிறது என்பாய், நானும் சரி என்பேன். இது வேலை. புரட்டாசிக்குள் வா, ஏணியில் ஏறு, ஜல்லியை ஒதுக்கிப் பார், வேண்டுமானால் இன்னொரு இடத்தில் அறுத்துப் பார், குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிப் பார், நான் தூக்கிக்கொண்டு வருகிறேன். அப்பா போட்டது என்று ஒரு எழுத்துக்கூடக் கூட்டி எழுதாதே. சரியில்லை என்று பட்டால் சரியில்லை என்றே எழுதி ராஜ்குமார் கையில் நீயே கொடு, மழைக்கு முன்னால் என்ன செய்ய வேண்டுமோ சொல், செய்கிறேன், உன் ஒற்றை ஷீட்டாக இருந்தாலும். இந்த வரியை நான் இரண்டாம் தடவை எழுதமாட்டேன். தையல்நாயகியிடம் என் மகள் வருகிறாள் என்று நேற்றே சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்புதான், ஆனால் அந்த அம்மாள் உடனே கேட்டாள், மெய்யாலுமே ஏறிப் பாக்குமா என்று. ஏறும் என்றேன்.

அருகன் அருளால் உனக்கு ஒரு குறையும் வரவேண்டாம். குளிருக்குக் காதை மூடிக்கொள். விமானத்தில் கிழங்கு போட்டு எதையாவது கொடுப்பார்கள், கிழங்கு இல்லாததாகக் கேட்டு வாங்கு. டிக்கெட் போட்டதும் தேதியை உன் அம்மாவுக்குச் சொல், எனக்குச் சொல்ல வேண்டாம், அவளே சொல்வாள். வெயிலில் தார் இளகும், காலை ஏழு மணிக்கு முன்னால் மேலே ஏறினால்தான் சரியாகப் பார்க்க முடியும், நான் ஆறரைக்கு ஏணியைச் சாத்தி வைத்திருப்பேன்.

உன் அப்பன்
ஜினதாஸ்