பாதி விலை ரெக்கார்டர்

என்னங்க,

பழுது பார்த்த வீடியோ ரெக்கார்டர் பாதி விலைக்கு வருகிறது, இரண்டாக வாங்கிப் போடு என்று போன் செய்யும்போதெல்லாம் உயிரை எடுக்கிறீர்கள். கடைக்குப் போனேன்.

"புதுசு மாதிரி ஓடும்க்கா. ஆனா கேரண்டி மட்டும் கேக்காதீங்க," என்றான் கடைக்காரன். அவன் வாயிலாவது உண்மை வருகிறது.

நம் வீட்டு ரெக்கார்டருக்கு ஒரு கேடும் இல்லை. அடுத்த மாதம் வந்து பார்க்கிறேன் என்று நீங்கள் சொல்லிச் சொல்லி, உங்கள் மேட்ச்சுகளும் சின்னவள் டிவியில் பாடியதும் சேர்ந்து அது நிரம்பிவிட்டது. அவ்வளவுதான்.

நேற்று நீங்கள் கேட்ட மேட்ச்சைப் பதிவு செய்ய இடமில்லை. சின்னவள் ரிமோட்டோடு வந்து சாதாரணமாகச் சொன்னாள்: "என் பாட்டை அழிச்சுட்டேம்மா. அப்பாவுக்கு மேட்ச்தானே வேணும்."

ரெக்கார்டர் வாங்குவதா வேண்டாமா என்று நேரில் வந்து அவளிடம் சொல்லுங்கள்.

ரிமோட்டைப் பிடுங்கி வைத்திருக்கும்,
உங்கள் மனைவி