ஐந்தாவது இனிங்

அஜின்கோர்ட்
17.06.2025, செவ்வாய்

அன்புள்ள மஸீஹா,

மூன்று நாளாக உனக்குப் போன் எடுக்கிறேன், மறுமொழி இல்லை. மெசேஜ்களில் இரண்டு நீலக் கோடுகள் மட்டும் விழுகின்றன. அதனால்தான் இந்தக் கடிதம். இன்று பயிற்சி முடிய, என் மகள் சுபாங்கி இதை உன் மகள் ஸபியாவின் கையுறைக்குள் வைத்துவிடுவாள். பிள்ளைகள் இருவரும் வழமைபோலச் சேர்ந்துதான் பந்தெறிவார்கள். நாங்கள்தான் மைதானத்தின் இரண்டு மூலைகளில் நிற்கப்போகிறோம்.

சனிக்கிழமை பிள்ளைகளின் பேஸ்போல் ஆட்டத்தில், மூன்றாவது இனிங்கில் ஸபியா கைக்கு வந்த பந்தைத் தவறவிட்டாள். ஸ்கோர் புத்தகம் என் மடியில். அவள் பெயரில் பிழை என்று எழுதினேன். நீ எட்டிப் பார்த்தாய். பிறகு ஆட்டம் முடிய முன்னமே கதிரையை மடித்துக்கொண்டு போய்விட்டாய். கோடைப் போட்டி அணிக்கு மெலனி கோச் இந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் ஆள் எடுப்பா என்று எனக்கும் தெரியும். அதற்காகப் பொய் எழுத ஏலுமா?

நான் கிரிக்கெட் பார்க்கிற வீட்டில் வளர்ந்தவள். அங்கே கைவிட்ட பந்து யார் பெயரிலும் ஏறாது. கொலிஜ் கன்ரீனில் ரிஷ்யூத் தாளில் கட்டம் கீறி, "யார்ர கை தவறின எண்டும் இதில எழுதோணும்" என்று எனக்கு பேஸ்போல் சொல்லித்தந்தது நீ. பதினொரு வருடச் சிநேகிதம். நோன்பு மாதத்தில் ஸ்ரேடியத்தின் ஆக மேல் வரிசையில், நீ பேரீச்சம்பழம் கடிக்கும்வரை என் பொப்கோணை நானும் தொடவில்லை. ஒரேயொரு பந்துக்காக இவ்வளவு கோபமா? கவலையாக இருக்கிறது. எரிச்சலாகவும் இருக்கிறது.

மறுமொழியை எதிர்பார்க்கும்,
நிலக்சி


மார்க்கம்
19.06.2025, வியாழன்

அன்பின் நிலக்சி அவர்கட்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஸபியாவின் பிழையை எழுதியதில் எனக்குக் கோபம் இல்லை. அது பிழைதான். ஆட்டம் முடிந்து வந்து காரில் ஏறியதும் அவளே, "உம்மா, தட் வோஸ் மைன்" என்று ஒத்துக்கொண்டாள்.

நான் எழும்பிப் போனது ஐந்தாவது இனிங்கில். யோசித்துப் பாருங்கள். சுபாங்கிக்கு நேரே உருண்டு வந்த பந்து அவளின் இரண்டு காலுக்கும் நடுவால் போனது. நீங்கள் பென்சிலை உதட்டில் வைத்துக்கொண்டு கொஞ்சம் இருந்தீர்கள். பிறகு, அது யாராலும் பிடிக்க முடியாத பந்து என்பதுபோல, சுபாங்கிக்குப் பிழை போடாமல் அடித்த பிள்ளைக்கு ஹிட் போட்டீர்கள். பக்கத்தில் இருந்த என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

நானும் ஏதாவது ரிசீட்டின் பின்பக்கத்தில் ஸ்கோர் எழுதுகிறவள்தானே. அந்தத் துண்டை இதோடு வைத்திருக்கிறேன். அதில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. ஒன்று என் மகளின் பெயரில்.

நேற்றுப் பட்டியல் வந்துவிட்டது. சுபாங்கி அணியில். ஸபியா இல்லை.

இப்படிக்கு,
மஸீஹா ஸவாஹிர்


அஜின்கோர்ட்
24.06.2025, செவ்வாய்

மஸீஹா,

"நீங்கள்" என்று நீ எழுதியதை வாசித்துவிட்டு மிச்சத்தை வாசிக்க எனக்கு நெடுநேரம் எடுத்தது. பிறகு உன் துண்டுதான் பிழை என்று இரண்டு நாள் உன்மேல் கோபமாகத் திரிந்தேன். அதைக் காட்டத்தான் அன்றைக்கு என் மனுசன் எடுத்த வீடியோவைத் தேடினேன். பந்து உருண்டு வரும்போதே என் குரல் கேட்கிறது: "பிடி பிள்ளை, லேசுப் பந்து."

லேசுப் பந்தாம். அதற்குத்தான் ஹிட் போட்டிருக்கிறேன்.

போன வருடம் பட்டியலில் பெயர் வராத அன்று சுபாங்கி பாத்ரூம் கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே வரவே இல்லை. பென்சில் உதட்டில் இருந்தபோது எனக்கு அந்தக் கதவுதான் தெரிந்தது. இது தப்புவதற்குச் சொல்லும் சாட்டு இல்லை. நீ கேட்காவிட்டாலும் சொல்லவேண்டும்.

நேற்று மெலனிக்குச் சொன்னேன். அவ புத்தகத்தைத் திருத்தினா. சுபாங்கியின் இடத்தை வேறொரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டா. ஸபியாவையும் எடுக்கவில்லை. நான் உண்மை சொல்லி உனக்கும் ஒன்றும் வரவில்லை, எனக்கும் இல்லை. சுபாங்கி என் முகத்தைப் பார்க்கிறாளில்லை. இப்போது என்னோடு கதைக்காதவர்கள் இரண்டு பேர்.

இனி நான் ஸ்கோர் எழுதவில்லை.

நிலக்சி


மார்க்கம்
26.06.2025, வியாழன்

நிலக்சி,

சுபாங்கியின் பெயர் போய்விட்டது என்று வாசித்ததும் கொஞ்சம் சந்தோசப்பட்டேன். மற்றவர்களின் பிழையை மட்டும் எழுதுவது சரியில்லை, அதனால் இதையும் எழுதுகிறேன்.

விசயம் கேட்டதில் இருந்து ஸபியா கையுறையோடு வாசலில் நிற்கிறாள், சுபாங்கியிடம் போகவேண்டுமாம். நாளைக்குப் பின்னேரம் கூட்டிக்கொண்டு வருகிறேன். உன்மேல் எரிச்சல் இன்னும் போகவில்லை. தேத்தண்ணி வைக்காதே, காரிலேயே இருக்கிறேன்.

சனிக்கிழமை வழமையான ஆட்டத்துக்கு என் கதிரையையும் பக்கத்தில் விரித்து வை. எழுதமாட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது. ஸபியாவிடம் வருகிற பந்தை நீ எழுது. சுபாங்கியிடம் வருவதை நான் எழுதுகிறேன். பென்சில் ஒன்று போதும்.

மஸீஹா