பாதி மூட்டை விதைநெல்

மதினி,

இன்று காலை சாக்கின் வாயை அவிழ்த்தேன். ஊறிய நெல்லின் புளித்த வாடை சூட்டோடு முகத்தில் அடித்தது. வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருந்தது. வானத்தில் பொட்டு மேகம் இல்லை. முளைத்த விதையை மறுபடி மூட்டை கட்டி வைக்க முடியாது. சாயங்காலத்துக்குள் நாற்றங்காலில் விதைத்தாக வேண்டியிருந்தது. என் வயலுக்கு மட்டுமல்ல, உங்கள் வயலுக்கும் சேர்த்து ஊறப்போட்டது இது. பங்குனியில் நீங்கள் கண்ணை மூடிய பிறகு அண்ணன், "என்னால அந்த வரப்புல கால் வைக்க முடியல தாயி, நீயே பாரு" என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் புரட்டாசியில் இரண்டு நாள் அடித்துப் பெய்ததே, அது ஒரு பாழாய்ப்போன மழை. மேலூர் உரக்கடையில் நிற்க இடமில்லை. செல்போனும் இன்னும் மழை இருக்கிறது என்றது. என்னிடம் இருந்த விதை அத்தனையையும் தொட்டியில் கொட்டினேன். நீங்கள் பார்த்துவிட்டுப் பதறினீர்கள்.

"அம்புட்டையும் ஏன்டி ஊறப்போட்ட? பாதி மூட்டையிலயே கெடக்க வேண்டாமா?"

"பாதி பாதியா வெள்ளாமை பாத்தா பாதி வயிறுதான் நெறையும் மதினி," என்று சிரித்தேன். எனக்கு அவ்வளவு திமிர்.

அப்புறம் இருபது நாள் சொட்டு மழை இல்லை. கண்மாயில் தரை தெரிந்தது. என் நாற்று முழுக்கக் கருகியது. உங்கள் முதல் பாதியும் அதோடு சேர்ந்துதான் கருகியது. ஆனால் தீபாவளி மழைக்கு ஊறப்போட உங்களிடம் இன்னொரு பாதி இருந்தது. என்னிடம் இல்லை.

உங்கள் நடவு அன்று பார்த்தால் என் வரப்பில் உங்கள் நாற்றங்காலில் பறித்துக் கட்டிய நாற்றுமுடிகள் வரிசையாகக் கிடந்தன. எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம்! "என்ன, பிச்சை போடுறீகளா?" என்று கத்தினேன். வேலைக்கு வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நீங்கள் குனிந்த தலை நிமிராமல், "கத்துறத நட்டுட்டுக் கத்து. நாத்து வாடுது," என்றீர்கள்.

நட்டேன். விளைந்தது. உங்கள் வயலில் பாதி தரிசாகவே கிடந்தது. அந்தத் தையில் நீங்கள் கடையில் அரிசி வாங்கிச் சாப்பிட்டீர்கள். எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லவில்லை. கடைசியாக நீங்கள் காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூட மழையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன், இதைப் பேசவில்லை.

இப்போது ஒவ்வொரு வருடமும் மழை ஒவ்வொரு கணக்கில் வருகிறது. ஆடியில் கொட்டுகிறது, ஐப்பசியில் காய்கிறது. இன்று மத்தியானம் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒரு மணி நேரம் மோட்டார் போட்டுவிட்டார். நாற்றங்கால் நனைந்தது. அதற்குமேல் அவர் கிணற்றிலும் தண்ணீர் இல்லை. சற்று முன்புதான் விதைத்துவிட்டுக் கரையேறினேன். கால் சேறு இன்னும் காயவில்லை.

பாதியைத்தான் விதைத்திருக்கிறேன் மதினி. மீதிப் பாதி ஊறப்போடாமல் வீட்டில் மூட்டையிலேயே இருக்கிறது. இது கருகினால் அதை எந்த மழைக்கு நம்பி ஊறப்போடுவது? அதை மட்டும் நான் உங்களிடம் கேட்டுக்கொள்ளவே இல்லையே.