உருமியின் இடப்பக்கம்

என் செல்ல மலர் அக்காவுக்கு,

நாளைக்குத் தைப்பூசம். உன் மகள் யாழினி பால்குடம் எடுக்கிறாள். அவளுக்கு முன்னால் நான் உருமி வாசிக்க வேண்டும். எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது அக்கா. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

பாலிக் புலாவில் டுரியான் பழம் வாங்கிக்கொண்டு காரில் திரும்பிய அந்த மழை நாளுக்குப் பிறகு நான் பழைய ஆள் இல்லை. வளைவில் எதிரே வந்த லாரி பிரேக் போட்ட சத்தம்தான் நாம் இருவரும் கடைசியாகச் சேர்ந்து கேட்டது. காடியை நீ ஓட்டினாய், உன் பக்கம் இடித்தது. பக்கத்து சீட்டில் இருந்த எனக்கு ஒரு கீறலோடு போயிற்று. ஏன் அப்படி?

மாக் மண்டினில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில், சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் பிரேக் போட்டால் போதும், அப்படியே குந்திவிடுகிறேன். நான் எதையோ கீழே போட்டுவிட்டேன் என்று நினைத்து, கூட வேலை செய்பவர்கள் தேடிக் கொடுக்க வருகிறார்கள். டாக்டர் மாத்திரை கொடுத்தார். தூக்கம் வந்தது, பயம் போகவில்லை.

உருமிக் குழுத் தம்பிகள்தான் விடாமல் இழுத்துப் போனார்கள். வலப்பக்கத்தைக் குச்சியால் அடித்தேன். அடிக்க அடிக்க மூச்சு சீரானது, அன்றைக்கு வயிறாரச் சாப்பிடக்கூடச் செய்தேன். ஆனால் வளைந்த குச்சியால் தேய்த்து அழவைக்கிற இடப்பக்கம் இருக்கிறதே, அதைத் தொடவே இல்லை. அந்த இழுவை அப்படியே லாரி பிரேக் சத்தம். தேய்க்காத உருமியை உருமி என்று யார் சொல்வார்கள்? பாவம், தம்பிகள் ஒன்றும் கேட்கவில்லை.

யாழினி கேட்டுவிட்டாள். உன் வருஷத் திதி முடிந்ததுமே வந்து நின்றாள். "மாமா, நீங்க நல்லா ஆவணும்னுதான் வேண்டிக்கிட்டேன். நீங்க உருமிய அழ வச்சாதான் நடப்பேன். ஸ்பீக்கர் பாட்டுக்கெல்லாம் நடக்க மாட்டேன் லா." உன் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது. விரதம் இருக்கிற பிள்ளையிடம் என்ன சொல்ல? குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடுரோட்டில் நின்றுவிட்டால்?

நேற்று சாயங்காலம் பயிற்சியில் தேய்த்தேன். முதல் இழுப்பிலேயே எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. யாழினி எதிரே நின்றதால் ஓடவில்லை. இன்னும் கொஞ்சம் தேய்த்த பிறகுதான் ஒன்று உறைத்தது. இந்தச் சத்தத்தை என் கைதான் தொடங்குகிறது, என் கைதான் நிறுத்துகிறது. அன்றைக்கு மழையில் எதுவும் நம் கையில் இல்லை. அதை நினைத்ததும் அழுதுவிட்டேன், அவளும் அழுதாள். நீ போன அன்றைக்குக்கூட அவள் அழவில்லை, தெரியுமா?

இருந்தாலும் நாளைக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் கூட்டத்தில் என்ன ஆகும்? பந்தலுக்குப் பந்தல் ஸ்பீக்கர், ஜெனரேட்டர். எங்கேயாவது ஒரு லாரி பிரேக் போட்டால்?

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன் அக்கா. கை நடுங்கும், நடுங்கட்டும். நடுங்குகிற கையால் தேய்த்தாலும் உருமி அழத்தான் செய்யும். மலையடியில் உன் பிள்ளை முதல் படியில் கால் வைக்கிற வரைக்கும் நான் நிறுத்த மாட்டேன்.

உன் கூடப்பிறந்த பயந்தாங்கொள்ளி,
குணா