ஒரு செக் தாளைக் காணவில்லை

செப்டெம்பர் 11, செவ்வாய்

சோளகக் காற்று இன்னும் விடவில்லை. கணக்கு எழுதும் கந்தோர் மேசை முழுக்க மணல். துடைத்துவிட்டுத் திரும்பினால் மறுபடியும் மணல். இவர் விடியவே மீன் லொறியோடு கொழும்புக்குப் போய்விட்டார். திரும்ப வியாழன் ஆகும்.

செக் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். சும்மாதான். சும்மா பார்க்கிறபோதுதான் எல்லாம் அகப்படும். கடைசித் தாளைக் காணவில்லை. அடிக்கட்டை மட்டும் நிற்கிறது, அதில் ஒரு எழுத்தும் இல்லை. நடுவில் கிழித்திருந்தால் உடனே தெரிந்திருக்கும். கடைசியில் கிழித்தால் புத்தகம் முடியும்வரை யார் பார்க்கப்போகிறார்கள்? விஷயம் தெரிந்த ஆளின் வேலை.

செக் புத்தகத்தைப் பூட்டி வைக்கிற அலுமாரிக்கு இரண்டு திறப்பு. ஒன்று இவரிடம், இவர் பயணம் போனால் என்னிடம். மற்றது ஜெசிந்தாவிடம். மீன் வாங்கி விற்கிற இந்த வாடி தொடங்கிய நாள் முதல் கணக்கு எழுதுகிறவள். செக் எழுதுவது அவள், கையெழுத்து இவர். அதிலும் இவருக்கு ஒரு பழக்கம்: தூரப் பயணம் என்றால் வெறுந்தாள்களில் கையெழுத்து வைத்து அவளிடம் கொடுத்துவிட்டுப் போவார். எத்தனை தரம் சண்டை பிடித்தேன். "அவள் எங்கட பிள்ளை மாதிரி" என்பார். பிள்ளைகள் களவெடுக்காதாக்கும்.

பின்னேரம் இவருக்குப் போன். லொறி இரைச்சல்.

"கடைசித் தாளில ஆருக்கும் செக் குடுத்தனீங்களோ?"

"நான் ஒருத்தருக்கும் குடுக்கேல்லை. வையும், பொலிஸ் மறிக்கிறாங்கள்."

அப்படியென்றால் ஜெ. தான். வேறு யார்? தொலைந்ததைக் காட்டித் தரும் புனித அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்தேன், ஆளைக் காட்டித் தரச் சொல்லி.

செப்டெம்பர் 12, புதன்

பாங்குக்குப் போனேன். ஜெ.க்குச் சொல்லவில்லை. பல்லுக் காட்டப் போவதாகச் சொன்னேன். பாங்கில் கண்ணாடி போட்ட தம்பி ஒருவர் பொறுமையாகக் கேட்டார்.

"இலக்கத்தை எழுதிக் குடுங்கோ மேடம், நிப்பாட்டி வைப்பம். ஆர் கொண்டுவந்தாலும் உங்களுக்குச் சொல்லுவம். வெறுந்தாளில மட்டும் கையெழுத்து வைக்க விடாதேங்கோ. அது காசைத் தெருவில வைக்கிற மாதிரித்தான்."

எனக்குத் தெரியும் தம்பி. கட்டினவருக்கல்லவா தெரியவில்லை.

பகல் முழுக்க ஜெ.யையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலில் புதுச் செருப்பு. தேத்தண்ணி குடிக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று போனில் மெல்லிய குரல்: "பயப்பிடாதை, ஞாயிறுக்கு முதல் காசு கட்டலாம்." என்ன காசு? எங்கிருந்து?

பாரைமீன் விலை இறங்கிவிட்டது. டீசல்காரன் கடன் காசை மறுபடியும் கேட்டு அனுப்பினான்.

செப்டெம்பர் 13, வியாழன்

காலையில் பாங்குத் தம்பியின் போன். அந்தச் செக்கோடு ஒருவன் வந்தானாம். கையில் ஹெல்மெட். பெரிய தொகை, காசாகவே தரச் சொன்னானாம். அடையாள அட்டையைக் கேட்டதும் மோட்டார் சைக்கிளில் எடுத்தான் ஓட்டம். செக் பாங்கில். காசு போகவில்லை. மாதாவுக்குத் தோத்திரம்.

"கையெழுத்து ஐயாவின்ரதான் மேடம். மற்ற எழுத்து உங்கட கிளாக்கின்ர இல்லை."

அவளே எழுதுவாளா? ஆளை வைத்து எழுதுவித்திருப்பாள். கூட இருந்து குழி பறிக்கிறவர்களுக்கு இதெல்லாம் சொல்லியா கொடுக்க வேண்டும்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. படகுக்காரர், தராசுக்காரர் எல்லோரும் நிற்க அவள் பையை மேசையில் கொட்டினேன். செபமாலை. சோற்றுப் பெட்டி. கண்ணுக்கு விடும் மருந்து. மகளுக்குப் படிப்புக் காசு கட்டும் துண்டு. வேறொன்றும் இல்லை. ஜெ. அழவில்லை. அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் வைத்தாள், திறப்பை மேசையில் வைத்தாள், போனாள்.

இரவு. இவர் வந்தார். சொன்னேன். சோற்றைத் தள்ளி வைத்தார்.

"அந்தத் தாளை எடுத்தது நான்."

"ஒருத்தருக்கும் குடுக்கேல்லை எண்டு சொன்னீங்களே!"

"அந்தோனியாருக்கு வச்சனான். உம்மை யாழ்ப்பாணத்தில ஒப்பரேஷனுக்கு உள்ளுக்குக் கொண்டு போகேக்குள்ள நேந்தது. கட்டியில பயமில்லை எண்டு றிப்போட் வந்ததும் போன கிழமை செவ்வாய், வீதியோரம் அவற்ற சிலை நிக்கிற கெபியில வச்சிட்டு வந்தன். மன்றாட்டுக் கடிதங்களோட, காலடியில. நேத்தியை வெளியில சொல்லக் கூடாது."

"எவ்வளவு எழுதினீங்கள்?"

"எழுதேல்லை. கையெழுத்து மட்டும்தான். உம்மட உயிருக்கு நான் என்னண்டு விலை போடுறது? அவர் போடட்டும் எண்டு விட்டிட்டன்."

அந்தோனியார் எந்தப் பாங்கில் கணக்கு வைத்திருக்கிறார் என்று கேட்க வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது. இந்த மனிதரை என்ன செய்ய? வழியில் போன எவனோ சுருவத்தின் காலடியைக் கிளறியிருக்கிறான்.

செப்டெம்பர் 14, வெள்ளி

இனிமேல்:
வெறுந்தாளில் கையெழுத்து இல்லை. மனிதருக்கும் இல்லை, புனிதருக்கும் இல்லை.
எல்லாச் செக்கிலும் குறுக்குக் கோடு. தொகைக்குப் பின்னால் இடம் விடாமல் கீறல்.
இரண்டு கையெழுத்து, இவருடையதும் என்னுடையதும்.
நேர்த்தி என்றால் காசு. உண்டியலில்.

டீசல்காரனுக்குச் செக் நானே எழுதினேன். பிழை. கிழித்தேன். மறுபடியும் பிழை. ஜெ. ஒரு நாளும் ஒரு தாள் வீணாக்கியதில்லை. படகுக்காரர் என்னோடு பேசுவது குறைந்துவிட்டது. "அந்தப் பிள்ளை வரேல்லையோ?" இதையே எல்லோரும் கேட்கிறார்கள். காய்ச்சல் என்றேன்.

செப்டெம்பர் 15, சனி

காற்று கொஞ்சம் தணிவு. ஜெ. வீட்டுக்குப் போனேன். இவரும் வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். பையைக் கொட்டியது என் கை.

கதிரை இழுத்துப் போட்டாள். தேத்தண்ணி தந்தாள். நடந்ததெல்லாம் சொன்னேன், கெபியையும் சேர்த்து. கெபிக் கதைக்குச் சிரித்தாள். எனக்கு உயிர் வந்தது.

"பிழை என்னில ஜெசிந்தா. எல்லாருக்கும் முன்னால சொல்லுறன். திங்கள் வாரும்."

"கோபமில்லை அக்கா. நீங்கள் சொல்லுவீங்கள், அது தெரியும். ஆனா நான் வரேல்லை."

"ஏன்?"

"இன்னொரு நாள் இன்னொண்டைக் காணேல்லை எண்டால், முதல் ஆரின்ர பையைப் பாப்பீங்கள்?"

"உம்மட பையை இல்லை" என்று சொல்ல வாயைத் திறந்தேன். பொய் வரவில்லை. அவள் என் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.